எம்416 மேல் வைத்திருக்கும் நம்பிக்கை சரிதானா?

பிஜிஎம்ஐயில் குதித்து முதல் வீட்டுக்குள் நுழைந்த சில நொடிகளில் மைக்கில் வரும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "எம்4 கிடைச்சிருச்சு, கம்ப் இருந்தா மார்க் பண்ணு." எம்4 என்பது எம்416. கம்ப் என்பது கம்பென்சேட்டர். இலங்கையிலிருந்து பப்ஜி மொபைல் ஆடுபவரும் இதையேதான் கேட்பார். 2018-இல் பப்ஜி மொபைல் வந்தது முதல், இந்தியாவில் 2020 செப்டம்பரில் அது தடைசெய்யப்பட்டு 2021 ஜூலையில் பிஜிஎம்ஐயாகத் திரும்பியது வரை, எத்தனையோ புதுத் துப்பாக்கிகள் சேர்ந்துவிட்டன. "எல்லா அட்டாச்மென்டும் போட்ட எம்416-தான் சிறந்த அசால்ட் ரைஃபிள்" என்ற முடிவு மட்டும் அசையவில்லை. இத்தனை பேர் ஏற்றுக்கொண்ட ஒரு முடிவைக் கணக்குப் போட்டுச் சோதிப்பது அவசியம். யூடியூபில் ஒருவர் வைத்திருக்கும் சேர்க்கையை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்கிறார். அது எதனால் வேலை செய்கிறது என்ற கேள்வி எங்கும் எழுவதில்லை.

இந்த விளையாட்டில் லோட்அவுட் என்பது மற்ற விளையாட்டுகளில் உள்ளதைப் போன்றதல்ல. கால் ஆஃப் டூட்டியில் ஆட்டத்துக்கு முன்பே துப்பாக்கியையும் அதன் பாகங்களையும் தேர்ந்து வைத்துவிடலாம். பப்ஜியில் 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் பரந்த எராங்கல் தீவில் 100 பேர் வெறுங்கையோடு இறங்குகிறார்கள். கிடைப்பதைக் கொண்டுதான் கட்ட வேண்டும். ஆகவே ஒரு துப்பாக்கி முழுமையடைந்த நிலையில் எப்படி இருக்கிறது என்பதோடு, எத்தனை சீக்கிரம் முழுமையடையும், பாதி முழுமையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் தராசில் வைக்க வேண்டும்.

முதலில் கொல்லும் வேகம். எதிரியின் உயிர்ப்புள்ளி 100. லெவல் 1 வெஸ்ட் மார்பில் படும் டேமேஜில் 30 சதவீதத்தைத் தடுக்கிறது, லெவல் 2 வெஸ்ட் 40, லெவல் 3 வெஸ்ட் 55. எம்416-இன் ஒரு குண்டுக்கு டேமேஜ் 41. இரண்டு குண்டுகளுக்கு இடையே 0.086 நொடி. பெரில் எம்762-க்கு டேமேஜ் 46, இடைவெளி அதே 0.086. ஏகேஎம்-க்கு 47-ஐ ஒட்டிய டேமேஜ், இடைவெளி 0.1 நொடி. அப்டேட்டுகளில் இந்த எண்கள் ஒன்றிரண்டு புள்ளி ஏறி இறங்குவதுண்டு. கீழே லெவல் 2 வெஸ்டுக்கு வரும் முடிவுகளில் பெரிலுக்கும் ஏகேஎம்-க்கும் உரியவை அந்தச் சிறு மாற்றங்களைத் தாங்கும். எம்416-க்கு உரியது அவ்வளவு உறுதியாகத் தாங்காது. அதன் காரணத்திலேயே இந்தத் துப்பாக்கியின் பலவீனம் தெரிகிறது.

ஆட்டத்தின் நடுப்பகுதியில் எதிரில் வருபவர்களில் பெரும்பாலோர் லெவல் 2 வெஸ்ட் போட்டிருப்பார்கள். அதில் 41 என்பது 24.6 ஆகக் குறைகிறது. நான்கு குண்டுகள் மார்பில் பட்டால் 98.4. எதிரி 1.6 புள்ளியோடு நின்றுகொண்டிருப்பார். ஐந்தாவது குண்டு வேண்டும். முதல் குண்டிலிருந்து ஐந்தாவது வரை 0.344 நொடி. பெரிலின் ஒரு குண்டு அதே வெஸ்டில் 27.6 எடுக்கும், நான்கு போதும், 0.258 நொடியில் வேலை முடிந்துவிடும். ஏகேஎம்-க்கும் நான்கே குண்டுதான். சற்று மெதுவாகச் சுடுவதால் 0.3 நொடி. ஆக, எல்லாக் குண்டும் படும் என்று வைத்துக்கொண்டால் மூன்றில் எம்416 கடைசி. "எம்4-ல அஞ்சு புல்லட் அடிச்சும் சாகல" என்று புலம்புபவர்களை நாம் கேலி செய்கிறோம். ஐந்தில் ஒன்று படாமல் தவறியிருந்தால் அவர்கள் சொல்வது கணக்குப்படியே உண்மை.

அந்த 1.6 புள்ளியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எதிரி சண்டைக்கு வரும் முன்பே இரண்டு புள்ளி இழந்திருந்தால் எம்416-க்கும் நான்கு குண்டு போதும், பெரிலுக்கு இருந்த மேன்மை அந்த இடத்தில் மறைந்துவிடும். நீல வட்டத்தில் கொஞ்ச நேரம் சிக்கியவர், முந்தைய சண்டையில் அடிவாங்கி முழுதாக ஏற்றிக்கொள்ளாதவர், இவர்கள் யாரிடமும் 100 இருக்காது. ஃபர்ஸ்ட் எய்ட் 75 வரைதான் ஏற்றும், அந்த 75-லேயே நிற்பவருக்கு எதிரே பெரிலின் ஒரு குண்டு மேன்மை திரும்பிவிடும். ட்ரிங்கோ பெயின்கில்லரோ எடுத்துக் காத்திருந்தால்தான் மேலே போகும். ஆகவே ஆட்டம் முன்னேற முன்னேற எம்416-இன் இந்தக் குறை நடைமுறையில் பெரும்பாலும் சுருங்குகிறது. முழு உயிரோடு இருக்கும் இருவர் மோதும் ஆரம்பச் சண்டையில்தான் அது முழுதாகக் கடிக்கிறது.

ஆனால் எல்லாக் குண்டும் படும் என்று வைத்துக்கொண்டது ஒரு புனைவு. நிஜச் சண்டையில் எவருக்கும் அப்படிப் படுவதில்லை. எனவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: பெரிலின் ரீகாயிலால் எத்தனை குண்டு தவறினால் அதன் மேன்மை போய்விடும்?

லெவல் 2 வெஸ்டுக்கு எதிரே பெரிலுக்கு 4, எம்416-க்கு 5, இரண்டும் ஒரே வேகம். அப்படியானால் எம்416-இல் சுடும் 20 குண்டில் 10 படும் ஒருவருக்கு, பெரிலில் 8 பட்டால் சமம். 8-க்குக் கீழே போனால் எம்416 வெல்லும். லெவல் 3 வெஸ்டுக்கு எதிரே 5-க்கு 6 என்ற கணக்கு. அங்கேயும் கிட்டத்தட்ட அதே எல்லைதான். லெவல் 1 வெஸ்டில் இரண்டுக்குமே 4 குண்டு, அதனால் பெரிலில் ஒரு குண்டு கூடுதலாகத் தவறினாலும் நஷ்டம். ஏகேஎம்-இன் நிலை இன்னும் இறுக்கம். மெதுவாகச் சுடுவதால், லெவல் 2 வெஸ்டில் எம்416-க்குச் சமமாக நிற்க 20-க்கு 9-க்கு மேல் பட வேண்டும். லெவல் 3 வெஸ்டில் கிட்டத்தட்ட அதே 10 பட வேண்டும். எம்416 அளவுக்கே குறி தவறாமல் ஏகேஎம்-ஐ ஸ்ப்ரே செய்ய முடிந்தவருக்கு மட்டுமே அது லாபம். கிரிப்பும் ஸ்டாக்கும் ஏற்காத ஒரு துப்பாக்கியில் அது மிகச் சிலருக்கே வாய்க்கும். சினிமாவிலும் செய்தியிலும் அந்தத் துப்பாக்கிக்கு உள்ள பெயரே நம்மை ஏகேஎம் பக்கம் இழுக்கிறது. பப்ஜியின் எண்கள் அந்தப் பெயருக்குத் துணை நிற்கவில்லை.

எம்416-க்கு உண்மையான போட்டி, ஆக, பெரில்தான். அதன் குண்டு 20-க்கு 8 என்ற கோட்டுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது தூரத்தைப் பொறுத்தது. ஒரே அறையில், படிக்கட்டில், 15 மீட்டரில் எதிரியின் உடல் திரையில் பெரிதாகத் தெரியும். துப்பாக்கி எவ்வளவு குதித்தாலும் 8 பட்டுவிடும். அங்கே பெரில் நல்லது என்று தயங்காமல் சொல்வேன். 60, 80 மீட்டருக்கு அப்பால், பாறைக்குப் பின்னாலிருந்து தோள் மட்டும் தெரியும் எதிரிக்கு 8 படுவது கடினம். நடுத்தூரச் சண்டைகள் நிறைந்த எராங்கலிலும் மிராமரிலும் எம்416 ஓங்குவதற்கு இதுதான் அடிப்படை. 4-க்கு 4 கிலோமீட்டர் கொண்ட சான்ஹோக்கில், புதரும் குடிசையுமாக அருகருகே மோதும் இடங்களில், பெரில் எடுத்தவரைத் தவறு சொல்ல மாட்டேன்.

இனி அட்டாச்மென்டுகள். எம்416-இல் ஐந்து இடங்கள்: மசில், கிரிப், மேகஸின், ஸ்டாக், ஸ்கோப். ஐந்தும் ஒரே மதிப்புடையவை என்று நினைத்து எது முதலில் கிடைத்தாலும் மகிழ்வதுதான் வழக்கம். இவற்றுக்குள் ஏற்றத்தாழ்வு பெரிது. அதைப் புரிந்துகொள்ள ட்ரெயினிங் கிரவுண்டுக்குப் போய் ஒரு சுவர் முன்னால் நில்லுங்கள். எந்த அட்டாச்மென்டும் போடாத எம்416, ரெட் டாட் மட்டும். விரலையும் ஜைரோவையும் (போனைச் சாய்த்துக் குறிவைக்கும் வசதி) அசைக்காமல் ஒரு மேகஸினை முழுதாகச் சுடுங்கள். குண்டுத் துளைகள் மேலே ஏறிக்கொண்டே போகும். ஏறும்போதே இடமும் வலமுமாக வளைந்து நெளியும். அடுத்து, கீழே இழுத்துக் கட்டுப்படுத்தியபடி இன்னொரு மேகஸின். உயரமாக நின்ற துளைகளின் வரிசை ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த இடவலப் பரவலோ அப்படியே நிற்கும். மூன்றாவது முறை சுட்டாலும் அது எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

முழு விவாதத்துக்கும் விடை இந்தச் சுவரில்தான் இருக்கிறது. மேல்நோக்கிய ரீகாயில் ஒரே திசையில் வருவதால் கை அதைக் கற்றுக்கொள்ளும். பக்கவாட்டு ரீகாயில் ஒவ்வொரு முறையும் மாறுவதால் எந்தப் பயிற்சியாலும் அதை முழுதாக அடக்க முடியாது. எனவே பக்கவாட்டைக் குறைக்கும் பாகம், உங்கள் கையால் செய்ய இயலாத ஒன்றைச் செய்து தருகிறது. மேல்நோக்கியதை மட்டும் குறைக்கும் பாகம், உங்கள் கை ஏற்கெனவே செய்வதில் கொஞ்சம் பங்கெடுத்துக்கொள்கிறது.

இந்த அளவுகோலில் கம்பென்சேட்டருக்கே முதலிடம். அது இரண்டு ரீகாயிலையும் குறைக்கிறது. சப்ரசர் சத்தத்தையும் சுடும்போது தெறிக்கும் ஒளியையும் மறைக்கும், ரீகாயிலுக்கு எதுவும் செய்யாது. மொபைலில் மினிமேப்பில் துப்பாக்கிச் சத்தத்தின் குறி விழும் என்பதால் சப்ரசருக்கு மதிப்பு உண்டுதான். அது டிஎம்ஆருக்கும் ஸ்னைப்பருக்கும் உரிய மதிப்பு. தூரத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சுடுபவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் போவது பெரிய லாபம். ஸ்ப்ரே செய்யும் ரைஃபிளில் சப்ரசரை மாட்டி, பட வேண்டிய குண்டுகளை விட்டுக்கொடுப்பது நஷ்ட வியாபாரம். ஃபிளாஷ் ஹைடர் நடுவில் நிற்கிறது. கம்பென்சேட்டர் கிடைக்கும்வரை அது போதும்.

கிரிப்பில்தான் பெரும் சண்டை. வெர்டிகல் கிரிப் மேல்நோக்கிய ரீகாயிலைக் குறைக்கிறது. ஆங்கிள்டு கிரிப் பக்கவாட்டை. ஹாஃப் கிரிப் இரண்டையும் குறைத்து, சுட்டபின் துப்பாக்கி நிலைக்குத் திரும்பும் வேகத்தையும் கூட்டுகிறது. அதற்கு விலையாகத் துப்பாக்கியின் நிதானத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. தம்ப் கிரிப் ஸ்கோப் திறக்கும் நேரத்தைக் குறைக்கும். லைட் கிரிப் ஒவ்வொன்றாகச் சுடுபவர்களுக்கானது, எம்416-இல் அதற்கு வேலை இல்லை. மேலே சொன்ன வாதத்தின்படி ஜைரோ வைத்து ஆடுபவருக்கு ஹாஃப் கிரிப்பே சரி. போனைச் சாய்த்தே மேல்நோக்கிய ரீகாயிலை அவர் அடக்கிவிடுவார். அவருக்கு உதவி தேவைப்படுவது பக்கவாட்டில். அது இல்லையென்றால் ஆங்கிள்டு. ஜைரோ இல்லாமல் கட்டைவிரலால் மட்டும் இழுப்பவருக்கு வெர்டிகல்தான். அவர் விரல் திரையின் அடிவிளிம்பைத் தொட்ட பிறகு இழுக்க இடமே இருக்காது, அதுவும் 3x, 4x ஸ்கோப்பில் 20-ஆவது குண்டுக்கு மேல் போகும்போது. வெர்டிகல் கிரிப்பே எல்லாருக்கும் நல்லது என்ற பொதுக்கருத்தை ஆகவே பாதிதான் ஏற்க முடியும். அது கட்டைவிரல் ஆட்டக்காரர்களின் அனுபவம். அதை ஜைரோ ஆட்டக்காரர்களும் யோசிக்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

மேகஸினை நாம் ரொம்பக் குறைத்து மதிக்கிறோம். சாதாரண மேகஸினில் 30 குண்டு, எக்ஸ்டெண்டட் மேகஸினில் 40. லெவல் 2 வெஸ்டோடு முழு உயிரில் இருக்கும் ஒருவரை நாக் செய்ய 5 படவேண்டும் என்றால், பாதிக் குண்டு படும் ஒருவருக்கு 30 குண்டு 3 பேருக்குப் போதும். 40 குண்டு 4 பேருக்கு. எதிரி ஸ்க்வாடில் இருப்பது 4 பேர்தான். இதைக் கச்சிதமான விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சண்டை அப்படி வரிசையாக நடப்பதில்லை. ஆனாலும் மூன்றாமவரை வீழ்த்திய கணத்தில் நான்காமவர் கதவில் வந்து நிற்கும்போது ரீலோட் செய்துகொண்டிருப்பதற்கும் இன்னும் பத்துக் குண்டு கையில் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆடியவர்கள் அறிவார்கள். எக்ஸ்டெண்டட் குயிக்டிரா கிடைத்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் எக்ஸ்டெண்டட். குயிக்டிரா மட்டும் தனியாக மூன்றாம் இடத்தில்தான்.

டாக்டிகல் ஸ்டாக்கைக் கடைசியில் வைக்கிறேன். அது பெரிலிலும் ஏகேஎம்-இலும் ஸ்காரிலும் பொருந்தாது, இவற்றுக்கு நடுவே எம்416-க்கு வாய்த்த சலுகை. அது சேர்ந்ததும் துப்பாக்கி அடங்கிவிடுவது கையில் தெரியும். ஆனால் அது இல்லையென்று ஒரு ஊரையே திரும்பச் சுற்றி வட்டத்துக்கு வெளியே மாட்டிக்கொள்பவர்கள் செலவிடும் நேரம், அது தரும் பலனைவிடப் பெரியது.

ஸ்கோப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அருகே ரெட் டாட். நடுத்தூர ஸ்ப்ரேக்கு 3x. 6x கிடைத்தால் அதை 3x அளவுக்குக் குறைத்து வைத்து ஸ்ப்ரே செய்வது பரவலான வழக்கம், பயனுள்ளதும்கூட. ஆனால் அப்போது இயங்குவது 6x-க்கு வைத்திருக்கும் சென்சிடிவிட்டி. அதைத் தனியாகப் பழக்காமல் இந்த உத்தியை எடுப்பவர்களுக்குக் குண்டு தலைக்கு மேலே பறக்கும். மற்றவர்கள் பகிரும் சென்சிடிவிட்டி கோடுகளை நகலெடுப்பதிலும் இதே சிக்கல். திரையின் அளவும் ஃபிரேம் ரேட்டும் ஜைரோ சென்சாரும் போனுக்குப் போன் மாறும். 90 எஃப்பிஎஸ்ஸில் பழகியவரின் எண்கள் 40 எஃப்பிஎஸ்ஸில் ஓடும் போனில் அதே பலனைத் தராது. நகலெடுத்ததை ஒரு தொடக்கமாக வைத்துக்கொண்டு அந்தச் சுவர் முன்னால் உங்களுக்கேற்பத் திருத்துங்கள்.

ஸ்கின்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் போவது பள்ளி மாணவர்களின் பணம். எம்416 கிளேசியர் போன்ற ஸ்கின்கள் டேமேஜையோ ரீகாயிலையோ ஒரு புள்ளிகூட மாற்றாது. வேண்டுமானால் அழகுக்காக வாங்கலாம். ஆட்டம் மேம்படும் என்று நம்பி அப்பாவின் கணக்கிலிருந்து யுசி (ஆட்டத்துக்குள் செலவழிக்கும் பணம்) வாங்கும் தம்பிக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது துப்பாக்கியின் பக்கம் எம்416-க்கு ஒரு சிறு குறை உண்டு. அது 5.56 குண்டு. கார்98, எம்24, எஸ்கேஎஸ், எஸ்எல்ஆர் எல்லாம் 7.62. பெரில் வைத்திருப்பவர் ஒரே வகைக் குண்டில் இரண்டு துப்பாக்கியையும் ஓட்டிவிடுவார்; எம்416-உம் எம்24-உம் வைத்திருப்பவரின் பை இரண்டு வகைக் குண்டால் நிறைந்து, ஸ்மோக்குக்கும் கிரனேடுக்கும் இடம் குறையும். மினி14 எடுத்தால் இந்தக் குறை தீரும். அது 5.56-லேயே ஓடும் டிஎம்ஆர். எம்416-உம் மினி14-உம் சேர்ந்த இணை முயன்று பார்க்கத் தக்கது.

மற்றவற்றுக்கு நீண்ட இடம் தேவையில்லை. குரோஸா வேகமானது, ஏர்டிராப்பில் மட்டும் வருவது, மசிலில் சப்ரசர் மட்டும் ஏற்பது. கிடைத்தால் எடுக்கலாம், எதிர்பார்த்துத் திட்டமிட முடியாது. ஏஸ்32 7.62 குண்டில் ஓடி ஸ்டாக்கையும் ஏற்பதால் பெரிலின் வலிமைக்கும் எம்416-இன் அடக்கத்துக்கும் நடுவே நிற்கிறது. எம்416-க்கு வருங்காலத்தில் ஒரு மாற்று வருமென்றால் இந்தத் திசையிலிருந்துதான் வரும். ஸ்கார்-எல் மெதுவாகச் சுடுவதாலேயே அட்டாச்மென்ட் இல்லாத நிலையில் அமைதியாக இருக்கும். வெறும் எம்416-உம் வெறும் ஸ்காரும் அருகருகே கிடந்தால், முதல் இரண்டு நிமிடத்துக்குப் புதியவர் ஸ்காரை எடுப்பதே நல்லது.

இதுவரை பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். எம்416 வலிமையால் வென்ற துப்பாக்கி அல்ல. லெவல் 2 வெஸ்டுக்கு எதிரே அது இன்னும் ஒரு குண்டு கேட்கும் துப்பாக்கி. 60 மீட்டருக்கு அப்பால் அந்தக் கூடுதல் குண்டைவிட அதிகமான குண்டுகளை அது குறியில் போடுகிறது என்பதால் முதன்மை ரைஃபிள் என்ற இடம் அதற்கே உரியது. அந்த இடம் கம்பென்சேட்டரும் எக்ஸ்டெண்டட் மேகஸினும் சேர்ந்த பிறகே உறுதியாகிறது. கிரிப் மூன்றாவது, ஜைரோவுக்கு ஹாஃப், விரலுக்கு வெர்டிகல். ஸ்டாக் கிடைத்தால் போடுங்கள், தேடி அலையாதீர்கள். கம்பென்சேட்டர் இல்லாமல் எராங்கலின் போச்சின்கி ஊரில் ஒரு வீட்டுக்குள் புகவேண்டி வந்து, தரையில் ஒரு பெரில் கிடந்தால், எம்416-ஐக் கீழே வைத்துவிட்டு அதை எடுங்கள்.